மொச்சை போட்ட சிக்கன் பை

சிக்கன் பை செய்யலாம் என்றாலே உறைந்த பட்டாணிப் பாக்கெட், சூப் கட்டி, சீஸ் என்று சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்வாசிகளுக்கு அது வீண் செலவு. அந்தந்த மாதம் சந்தையில் மலிந்து கிடக்கும் காயைப் போட்டால்தான் பை ருசிக்கும்.

பை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைமுறைகளாக ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்கின்றன. கறியின் மேல் உருளைக்கிழங்கு மசியலை மூடிச் சுடுவது அவர்கள் சமையலில் உண்டு. பையை மூடும் மாவு பிசைய நேரமில்லாதவர்கள் அதையே செய்யலாம்.

நான் காய் வாங்குவது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். தை மாதம் என்றால் பச்சை மொச்சையும் கேரட்டும். கோடையில் முருங்கைக்காயை வேகவைத்து வழித்த சதை, மஞ்சள் பூசணி. மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி வேகவிட்டால், மிளகும் பாலும் சேர்ந்த குழம்பில் வெண்ணெயாகக் கரையும். எந்தப் பாக்கெட் பட்டாணியும் அதற்கு ஈடாகாது.

கோழியை எலும்போடு அரை கிலோ வாங்குங்கள். வேகவைத்துக் கறியை உதிர்த்தால், மிஞ்சும் சாறே போதும். சூப் கட்டி எதற்கு? வெங்காயத்தை 2 மேசைக்கரண்டி வெண்ணெயில் வதக்கி, அதே அளவு மைதா தூவி, பச்சை வாசனை போனதும் ஒரு டம்ளர் சாறும் அரை டம்ளர் பாலும் ஊற்றிக் கிளறி, வெந்த காய், கறி, மிளகுத்தூள், உப்பு சேர்த்து இறக்குங்கள்.

நம் ஊர் வெக்கையில் கவனம் வேண்டியது மேல்மாவில்தான். மாவில் கலந்த வெண்ணெய்த் துணுக்குகள் அடுப்பின் சூட்டில் உருகி நீராவி கிளம்பும்போதுதான் மாவு அடுக்கடுக்காகப் பிரியும். முன்பே உருகினால் மாவு கட்டிதட்டிவிடும். ஆகவே ஐஸ் தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பூரணமும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வாரமெல்லாம் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் வீடுகளில் மாவையும் பூரணத்தையும் சனி இரவே செய்து வைத்துவிடலாம். பூரணத்தின் மேல் மாவை விரித்து மூடி, நடுவில் கீறி, 200 டிகிரியில் மேல்புறம் பொன்னிறமாகும்வரை சுடுங்கள்.

பேக்கரியில் வாங்குவதில் என்ன காய், என்ன கொழுப்பு என்று நமக்குத் தெரியாது. வீட்டில் செய்ததில் எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கோழியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளை மொச்சை பிதுக்க உட்கார வையுங்கள். காயை ஒதுக்கும் பிள்ளையும் தான் பிதுக்கியதைத் தின்னும்.