தார் ரோட்டுக்கு எதற்குப் பாலைவன வண்டி?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. முழுக்கத் தார் ரோடு. மேற்கே மலை, வழியெல்லாம் தென்னந்தோப்பு, கண்மாய், ஸ்பின்னிங் மில். மணல்மேடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இந்த ரோட்டில் இப்போது ஓடுகிற சில கார்களைப் பார்த்தால், நேரே சகாராவுக்குப் புறப்பட்டவை என்றுதான் தோன்றும்.

குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வாங்கிய எஸ்.யூ.வி.தான் அது. அதை லிஃப்ட் கிட் போட்டு உயரம் தூக்குகிறார்கள். டிராக்டர் டயர் மாதிரி பல்வைத்த பெரிய டயர், முன்னால் கனமான இரும்பு பம்பர், கூரைமேல் எல்.இ.டி. விளக்கு வரிசை, பக்கத்தில் யானைத் தும்பிக்கைபோல ஸ்நார்க்கல் குழாய். கேட்டால், "ஆஃப்ரோடு தாத்தா, பாலைவனத்துக்குக்கூடப் போகலாம்" என்கிறார்கள். ஜெய்சால்மர் இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வந்தவர் எத்தனை பேர்?

பாலைவனத்தில் வண்டி ஓட்டுவதை நான் குறை சொல்லவில்லை. அதற்கென்று ஒரு வித்தை இருக்கிறது. அந்த வித்தைக்கும் இந்த அலங்காரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் என் வாதம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சித்ரோயன் கம்பெனியின் சகாரா பயணத்தை அந்த நாளிலேயே வியந்து படித்திருக்கிறேன். 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துக்கூர் நகரிலிருந்து ஐந்து வண்டிகள் கிளம்பின. 1923 ஜனவரி 7 அன்று திம்புக்துவை அடைந்தன. மோட்டார் வண்டி சகாராவைக் கடந்தது அதுவே முதல் முறை. அவை சின்ன எஞ்சின் வண்டிகள்தான். பின்சக்கரங்களுக்குப் பதிலாக கெக்ரெஸ் என்ற பொறியாளர் அமைத்த ரப்பர் பட்டைகள் ஓடின. பாரம் அகலமாகப் பரவியதால் மணலில் புதையவில்லை. 1980-ல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் மாரோ சகோதரர்கள் கார்களில் மூன்றாவதாக வந்தது ரெனோ 4 என்ற எளிய குடும்பக் காரில். நாலு சக்கரத்துக்கும் விசை போகும்படி மாற்றியிருந்தார்கள். மாற்றம் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

மணலின் சூத்திரம் இவ்வளவுதான்: பாரத்தைக் குறை, டயரின் பாதத்தை நீளமாக்கு. ரோட்டில் 32, 35 என்று அடித்திருக்கும் காற்றை 18 வாக்கில் இறக்கினால், சாதாரண டயரே மணல்மேல் படுத்து நகரும். வெளியே வந்ததும் மறுபடி காற்றடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு வேண்டியது காற்று அளக்கும் கருவி, சின்ன பம்ப், மண்வெட்டி, இழுவைக் கயிறு, குடிக்கத் தண்ணீர். நான் வேலை பார்த்த காலத்தில் ஆபீஸ் ஜீப் டிரைவர் அண்ணாச்சி ஒருவர் வைப்பாற்று மணலைக் கண்டால் இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுவார். அவர் பாலைவனத்தைக் கண்டதில்லை. ஜீப் ஒருநாளும் புதைந்ததுமில்லை.

இன்றைய அலங்காரம் இதற்கு நேர் எதிர். பம்பரும் வின்ச்சும் கூரைச் சட்டமும் பாரத்தை ஏற்றுகின்றன. உயரம் தூக்கினால் வளைவில் வண்டி சாயும் ஆபத்து கூடுகிறது. டயரின் விட்டம் பத்து சதவீதம் கூடினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். பிரேக்கோ பழைய பிரேக்தான். ஹெட்லைட் உயர்ந்து எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. ஆடி மாதம் இருக்கன்குடிக்கு இரவில் நடந்து போகிறவர்களைக் கேளுங்கள். அந்த விளக்கு வரிசை எதிரே வந்தால் ரோட்டின் ஓரமே தெரியாது. நம் வயதில் கண் கூசி மறுபடி பார்வை தெளியவே நேரமாகிறது.

"என் வண்டி, என் காசு" என்பது அடுத்த வாதம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவில், மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடந்து போகிறவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்று முன்பக்க இரும்புத் தடுப்பைக் கழற்றச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. விபத்து என்று வந்தால், ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாமே வழி செய்து கொடுத்தவர்களாவோம்.

சரி, இந்த வண்டிகளை எங்கேதான் ஓட்டுவது? மேற்கே போனால் 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 பிப்ரவரி முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அங்கே அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். தமிழ்நாட்டில் பாலைவனம் மாதிரி இருப்பது சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்துத் தேரிக்காடு. காற்று குவித்த செம்மணல் அது. பனையும் முந்திரியும் வேர்விட்டுப் பிடித்து வைத்திருக்கின்றன. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. கடைசியில் மிஞ்சுவது நம் கண்மாய்க் கரையும் ஓடையும். அவற்றை உழுது போட்டால் அடுத்த மழையில் கரை உடையும். அடைக்கப் போவது விவசாயிதான்.

மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. ஆண்டாள் கோயில் தேருக்கும் மாற்றம் செய்தார்கள். மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்தது, ஹைட்ராலிக் பிரேக் வந்தது. எதற்காக? வடம் பிடிப்பவர் காலில் ஏறாமல், நிற்க வேண்டிய இடத்தில் தேர் நிற்பதற்காக.

இதைப் படிப்பவர்கள் பலரும் என்னைப்போல பென்ஷன் வாங்குகிறவர்கள். பேரன் கேட்கிறான் என்று பிக்சட் டெபாசிட்டை உடைத்துக் கொடுப்பவர்களும் நாம்தான். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது ஆர்.சி.யில் ஏறுமா? இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாயா? பிரேக்குக்கு என்ன செய்தாய்? பதில் இல்லையென்றால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். பாலைவனம் பார்க்க உண்மையிலேயே ஆசைப்பட்டால் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். அங்கே மணலில் ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கற்றுக்கொண்டு வரட்டும்.