கடிந்துகொள்ளுமுன் கண்ணைச் சோதியுங்கள்



‘படிப்பில் மந்தம்’ என்று நாம் ஒதுக்கிவிடும் பிள்ளைகளுள் சிலருக்குக் குறை அறிவில் இல்லை, கண்ணில்தான் உள்ளது. இதனை நான் என் தவற்றினாலேயே கற்றேன். பணியின் தொடக்க நாளில், கரும்பலகையில் உள்ளதைப் பிழையாகவே எழுதிவந்த மாணவன் ஒருவனைக் கடைசி வரிசையில் அமர்த்தி, ஓராண்டுக் காலம் கடிந்துகொண்டேன். மூக்குக்கண்ணாடி அணிந்து வந்த அன்று, அவன் அதே இடத்திலிருந்து பிழையின்றிப் படித்தான். நான் தலைகுனிந்தேன்.

பார்வையைச் சோதித்து, கண்ணாடிக்கு அளவு குறித்துத் தருபவர் கண் பரிசோதகர். நம் நாட்டில் அவர் 1991ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அறுவை சிகிச்சை செய்பவர் கண் மருத்துவர். நோயின் அறிகுறியைக் கண்டால் பரிசோதகரே நம்மை மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். சந்தையில் விற்கும் கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்குவது சோதனை ஆகாது.

எப்பொழுது சோதிக்க வேண்டும்? பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்குமுன் ஒரு முறை அவசியம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், புத்தகத்தை முகத்தருகே பிடித்தல், அடிக்கடி தலைவலி என்று கூறுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே சோதியுங்கள். ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால் பிள்ளைக்கே அது தெரியாது. 7, 8 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பயன் மிகுதி. காலம் கடந்தால் முழுப் பார்வை பெறுதல் அரிதாகும்.

பெரியோர்க்கும் இது பொருந்தும். 40 வயதைக் கடந்தால் வெள்ளெழுத்து வரும். இனிப்பு நீர் உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருப்பினும், ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்புறத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்நோய் ஓசையின்றிக் கண்ணைக் கெடுக்கும்.

“பட்டணத்திற்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே” என்பார்கள். உண்மைதான். தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் எளிதன்று. ஆனால், பலகை தெரியாமல் ஆறாண்டுகள் அமர்ந்திருக்கும் பிள்ளை இழப்பது எவ்வளவு? “சிறு வயதில் கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும்” என்பதும் வீண் அச்சமே.

ஆசிரியர்களாகிய நாங்களும் பிரம்பை எடுக்குமுன் பிள்ளையை முன் வரிசைக்கு அழைத்துப் பார்ப்போமாக. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு? வரும் பள்ளி விடுமுறையிலேயே உங்கள் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.