வீட்டுக்கு ஒரு நாஸ் பொட்டியும், அக்கா வீட்டு பீரோவும்

மக்கா, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்த பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் லேட்டு.

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். "வீட்டுல நாஸ் வைக்கப் போறேன். ரெண்டு டிஸ்க் போடுற பொட்டி வாங்கவா, நாலு டிஸ்க் பொட்டி வாங்கவா?"ன்னு கேட்டார். "அது இருக்கட்டும், உங்களுக்கு அக்கா தங்கச்சி யாராவது வெளியூர்ல இருக்காங்களா?"ன்னு கேட்டேன். மனுஷன் ஙேன்னு முழிச்சார் (போன்ல முழிச்சது எப்படித் தெரியும்னெல்லாம் கேக்கப்படாது). ஏன் அப்படிக் கேட்டேன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

மொதல்ல நாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: வீட்டு நெட்வொர்க்ல எப்பவும் ஓடிட்டிருக்கிற ஒரு பொட்டி, அதுக்குள்ள ஹார்ட் டிஸ்க். போன், லேப்டாப், டிவி எல்லாம் அதுல இருந்து எடுத்துக்கலாம், அதுல போடலாம். அவ்ளோதான்.

இது எதுக்குன்னு கேட்டா, கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். கூகுள் போட்டோஸ் ஒரு காலத்துல கணக்கு வழக்கில்லாம இலவசமா வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. 2021 ஜூன் 1-ல இருந்து போடுற படமெல்லாம் 15 ஜிபி கணக்குல சேரும்னுட்டாங்க. எங்க வீட்டுல நாலு போன். அப்பா போன்ல பாதி குட்மார்னிங் படம், மீதிதான் குடும்பம். எல்லா போனும் "இடம் இல்லை"ன்னு கத்த ஆரம்பிச்சுது. நம்மதான் இஞ்சினியராச்சே, விடுவமா?

பழைய டெஸ்க்டாப் ஒண்ணு கிடந்துச்சு. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரே மாதிரி ரெண்டு டிஸ்க் வாங்கி வந்து ரெய்டு 1 போட்டேன். ரெய்டுன்னா வருமானவரி ரெய்டு இல்லீங்க. 1988-ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரையில வந்த பேரு. விலை மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து நம்பகமா ஓட வைக்கிற வித்தை. ரெய்டு 1-ல ஒரு டிஸ்க்ல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதப்படும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும். தங்கமணிகிட்ட "இனி எதுவுமே அழியாது"ன்னு பெருமையா அறிவிப்பு வேற விட்டேன். அவங்க "சரி, அந்த ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா"ன்னு மட்டும் கேட்டாங்க.

2023 மே மாசம் ஒரு ராத்திரி பதினொன்னரை மணி. புதுசா ஒரு டிஸ்க் வாங்கி, எல்லாத்தையும் அதுக்கும் ஒரு பிரதி எடுக்கலாம்னு உக்காந்தேன். ஆர்சிங்க் கமாண்டு. அதுல டெலிட்னு ஒரு ஆப்ஷன் உண்டு: புறப்படுற இடத்துல இல்லாத ஃபைல், சேருற இடத்துல இருந்தா அழிச்சிரும். தூக்கக் கலக்கத்துல புறப்படுற இடத்தையும் சேருற இடத்தையும் மாத்திக் கொடுத்துட்டேன். காலி டிஸ்க்கைப் பார்த்து, நிறைஞ்ச டிஸ்க்கையும் காலியாக்குன்னு நானே உத்தரவு போட்டிருக்கேன். அதுவும் சொன்னபடி கேட்டுச்சு. ரெய்டு? அது அதைவிட விசுவாசம். ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல சுத்தமா அழிச்சுது. சொந்த செலவுல சூனியம்னு கேள்விப்பட்டிருக்கேன், அன்னிக்குத்தான் பார்த்தேன். அவ்வ்வ்வ்.

போட்டோ போனாகூட யார்கிட்டயாவது கேட்டு வாங்கலாம். ஆனா அதுல எங்க அப்பத்தா குரல் இருந்துச்சு. 2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, அப்பத்தாவைத் திண்ணையில உக்கார வச்சு முப்பத்தெட்டு நிமிஷம் பேச வச்சுப் பதிவு பண்ணியிருந்தேன். கல்யாணமாகி மாட்டு வண்டியில வந்தது, ஒரு வருஷம் மழையே இல்லாம கெணறு வத்தினது, எங்கப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகாம கண்மாய்ல கெடந்ததுன்னு எல்லாம் அதுல இருக்கும். 2020-ல அப்பத்தா போயிடுச்சு. பதிவு பண்ண போனையும் வித்தாச்சு. இருந்தது அந்த ஒரே ஃபைல்.

ராத்திரி பூரா தூங்கலை. காலையில ஆறு மணிக்குத்தான் சட்டுனு பொறி தட்டுச்சு. அந்த வருஷப் பொங்கலுக்கு மதுரைக்குப் போனப்ப, அக்கா பசங்களுக்கு டிவியில போட்டுக் காட்டலாம்னு எல்லாத்தையும் ஒரு வெளி டிஸ்க்ல காப்பி பண்ணிக் கொண்டு போயிருந்தேன். திரும்பி வரும்போது அங்கயே மறந்துட்டேன். உடனே போன்.

"அக்கா, அந்தக் கருப்பு டிஸ்க் இருக்கா?"

"பீரோல பட்டுப்புடவைக்கு நடுவுல வச்சிருக்கேன்டா. பசங்க எடுத்து விளையாடிரக் கூடாதுன்னு. ஏன், விடிஞ்சும் விடியாம?"

அன்னிக்கு ராத்திரியே பாண்டியன் எக்ஸ்பிரஸ். பொங்கல் வரைக்கும் இருந்தது எல்லாம் திரும்பக் கிடைச்சுது. அதுக்கப்புறம் நாலு மாசம் போனது போனதுதான். அந்த நாலு மாசத்துலதான் திருக்கடையூர்ல எங்க மாமனார் அறுபதாம் கல்யாணம். சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல இருந்து தேறினதைப் பொறுக்கினோம். மாமனார் இன்னும் அதை மறக்கலை. மறக்கவும் மாட்டார்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். வீட்டு நாஸுக்குச் செலவு பண்ற காசுல மொத ரூபா ரெண்டாவது காப்பிக்குப் போகணும். (குடிக்கிற காப்பி இல்லைங்க.) பொட்டிக்குப் போறது கடைசி ரூபாயா இருக்கணும். நம்மாளுங்க தலைகீழாப் பண்றோம். பளபளன்னு பொட்டி, ரெய்டு, ப்ராசஸர்னு அலசிட்டு, காப்பின்னு வரும்போது கையில காசு இருக்காது.

ரெய்டு தப்புன்னு சொல்லலை. டிஸ்க் செத்தாலும் வேலை நிக்கக் கூடாதுங்கிற ஆபீஸுக்கு அது அவசியம். நம்ம வீட்டுல ரெண்டு நாள் படம் பார்க்கலைன்னா என்ன ஆகப்போகுது? வீட்டுல டேட்டாவைக் கொல்றது பெரும்பாலும் நம்ம கை, இல்ல கீழ விழுந்த டிஸ்க், இடி, திருட்டு, தண்ணி. 2015 டிசம்பர்ல சென்னையில தரைத்தளத்துக்குள்ள தண்ணி வந்தப்ப, ஒரே பொட்டிக்குள்ள நாலு டிஸ்க் இருந்தா நாலும் சேர்ந்துதான் நனைஞ்சிருக்கும். அதனாலதான் 3-2-1ன்னு ஒரு கணக்கு: மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வேற இடத்துல. பீட்டர் க்ரோக்ங்கிற புகைப்படக்காரர் பிரபலப்படுத்தினது. எனக்கு அந்த 1-தான் அக்கா வீட்டு பீரோ.

இப்ப என் செட்டப்: காலேஜ்ல வாங்கின லேப்டாப், கீல் உடைஞ்சு ஸ்கிரீன் போனது. செலவு பூஜ்யம். கிகாபிட் போர்ட் இருக்கு, யூஎஸ்பி 3.0 இருக்கு, பேட்டரியே யூபிஎஸ். (எப்பவும் சார்ஜ்லயே கிடந்தா பேட்டரி உப்பும், அப்பப்ப பாருங்க. உப்பினா உடனே கழட்டிருங்க.) சும்மா இருக்கும்போது 15 வாட் போல எடுக்குது, ரெண்டு மாசத்துக்கு 22 யூனிட்டுக்குள்ள. பழைய டெஸ்க்டாப் 60 வாட், அதே ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட். லேப்டாப் இல்லாதவங்களுக்கு ராஸ்பெரி பை 4 போதும், யூஎஸ்பி 3.0-வும் கிகாபிட்டும் இருக்கு.

மேல ஓடுறது டெபியன், அதுல ஓப்பன்மீடியாவால்ட், ஃபைல் பகிர சாம்பா. எல்லாமே இலவசம். 1992-ல சாம்பாவை ஆரம்பிச்ச ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான் 1996-ல பால் மெக்கரஸோட சேர்ந்து ஆர்சிங்க்கையும் வெளியிட்டார். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை, தப்பு என் மேலதான்.

பொட்டியை வைஃபைல விடாதீங்க, ரவுட்டர்ல கேபிள் சொருகுங்க. மலிவு ரவுட்டர்ல போர்ட் 100 மெகாபிட்தான் இருக்கும், வாங்கும்போது பாருங்க. 50 ஜிபி அதுல போக ஒண்ணே கால் மணி நேரம் ஆகும். கிகாபிட்ல எட்டு நிமிஷம்.

ராத்திரி ஒரு தடவை ரெண்டாவது டிஸ்க்குக்கு ஆர்சிங்க் ஓடும், டெலிட் ஆப்ஷன் இல்லாம. மூணாவது டிஸ்க் மதுரையில. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புது டிஸ்க்கைக் கொடுத்துட்டு பழசை வாங்கிட்டு வருவேன். அப்பப்ப நாலு ஃபைலைத் திறந்தும் பார்ப்பேன். திறந்து பார்க்காத காப்பி காப்பியே இல்லை.

வெளியில இருந்து பார்க்கணும்னு ரவுட்டர்ல போர்ட்டைத் திறந்து விட்ராதீங்க. 2022 ஜனவரியில டெட்போல்ட்ங்கிற ரேன்சம்வேர், இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநேப் நாஸ் பொட்டிகளுக்குள்ள புகுந்து ஃபைலையெல்லாம் பூட்டிக் காசு கேட்டுச்சு. வேணும்னா வயர்கார்டு போட்டுக்கங்க.

"இவ்ளோ எதுக்கு, க்ளவுட்ல போட்டா முடிஞ்சுதே"ன்னு சிலர் சொல்வீங்க. போடுங்க, நல்லதுதான். அதையும் ஒரு காப்பியா வச்சுக்கங்க. ஆனா மாச வாடகை வீட்டுல சாமான் இருக்குங்கிறது ஞாபகம் இருக்கட்டும். ஆர்குட்டை 2014 செப்டம்பர்ல மூடினாங்க, நினைவிருக்கா?

இன்னொண்ணு. பாஸ்வேர்டு, எந்த டிஸ்க்ல என்ன இருக்கு, எப்படி எடுக்கறதுன்னு ஒரு நோட்டுல தமிழ்ல எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற கவர்லயே வச்சிருக்கேன். நான் ஒருத்தன் மட்டும் திறக்கத் தெரிஞ்ச பொட்டி குடும்பத்துக்கானது இல்லை. போன மாசம் நான் ஊர்ல இல்லாதப்ப, தங்கமணி அந்த நோட்டைப் பார்த்தே அப்பத்தா ஃபைலை எடுத்து டிவியில போட்டிருக்காங்க.

பன்னெண்டாவது நிமிஷத்துல அப்பத்தா எங்கப்பாவைத் திட்டும். அந்த இடம் வந்தா மட்டும் அப்பா சவுண்டைக் கூட்டச் சொல்வாராம்.

டிஸ்கி: நீங்க வருஷக்கணக்கா எழுதின பதிவுகளுக்கு காப்பி இருக்கா? இல்லைன்னா பின்னூட்டம் போடுறதுக்கு முன்னாடி எக்ஸ்போர்ட் பண்ணிட்டு வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன் :-)