லிங்க் போட்டால் போதுமா?

கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் இன்று யாரும் கேள்வி கேட்காத ஒரு நம்பிக்கை உண்டு. ஆர்க்கிடெக்ட் அனுப்பிய மாடலை நம் ஃபைலில் லிங்க் செய்துவிட்டால், அதன் மேல் நாம் வரையும் இயந்திர லேஅவுட் கட்டடத்தோடு தானாகவே ஒத்துப்போய்விடும் என்பதுதான் அது. "லிங்க் போட்டாச்சு சார், கோஆர்டினேஷன் முடிஞ்சது" என்று மீட்டிங்கில் சொன்னால் போதும், எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்குமான எம்.இ.பி. (இயந்திரம், மின்சாரம், குழாய்) வரைபடங்களைச் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து தயாரிக்கும் நம் இளைஞர்கள் பலரும் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். லிங்க் காட்டும், சரிபார்க்காது. இந்த வித்தியாசம் புரியாததால்தான் சைட்டில் சுவரை உடைக்க வேண்டியிருக்கிறது.

பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மறுக்கவில்லை. வெறும் 2டி பிளானை அடியில் விரித்து அதன் மேல் கோடு இழுத்த காலத்தில் உயரம் என்பது வரைபவரின் மனக்கணக்கில் மட்டுமே இருந்தது. இன்று ரெவிட் மென்பொருளில் பீமின் அடிமட்டம் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே ஒரு பொய்யான நிம்மதியைத் தந்துவிடுகிறது.

முதலில், லிங்க் "லைவ்" ஆக இருக்கிறது என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ரெவிட்டில் ஆர்க்கிடெக்ட் இன்று காலை ஒரு சுவரை நகர்த்தினால், நம் திரையில் திறந்திருக்கும் ஃபைலில் அது நகராது. ஃபைலை மூடித் திறக்க வேண்டும், அல்லது லிங்க்கை ரீலோட் செய்ய வேண்டும். வந்த ஃபைலின் பெயரில் தேதியோ ரிவிஷன் எண்ணோ மாறியிருந்தால் அதுவும் பலிக்காது; நாம் கைப்பட வழி காட்டும்வரை பழைய ஃபைலே லிங்க்கில் இருக்கும். பெயரை மாற்றாமல் பழைய ஃபைலின் மேலேயே புதியதைப் போட்டுவிட்டால் கதை தலைகீழ். நேற்று கையெழுத்தாகிப் போன வரைபடத்தின் பின்னணி இன்று சத்தமில்லாமல் வேறாகியிருக்கும். எது மாறியது என்று சொல்ல ஆள் இருக்காது.

அடுத்தது இடம். மாடலை லிங்க் செய்யும்போது எந்த அடிப்படையில் உட்கார வைப்பது என்று மென்பொருள் கேட்கிறது. சென்டர் டு சென்டர் என்று அழுத்திவிட்டால், ஆர்க்கிடெக்ட் மாடலின் நடுவும் ஸ்ட்ரக்சர் மாடலின் நடுவும் ஒன்றாக இருக்கத் தேவையில்லாததால், தூண் ஒரு பக்கமும் சுவர் ஒரு பக்கமுமாக நிற்கும். சரியாக ஆரிஜினை, அதாவது மாடலின் மூலப்புள்ளியை, வைத்தே சேர்த்தாலும் கவலை தீராது. ஆர்க்கிடெக்ட் தன் மாடலில் கட்டடத்தையே இரண்டு மீட்டர் தள்ளிவைத்தால், அடுத்த ரீலோடில் கட்டடம் நகரும், நம் சில்லரும் பம்ப்பும் பழைய இடத்திலேயே நிற்கும். லிங்க்கை நகராதபடி "பின்" செய்து வைத்திருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. லெவல், கிரிட் போன்றவற்றைக் காப்பி மானிட்டர் செய்து, அதாவது நகலெடுத்துக் கண்காணிக்கச் சொல்லி, வைத்தவருக்குத்தான் எச்சரிக்கை வரும். கண்காணிக்கச் சொல்லாதவற்றுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை கிடையாது.

லிங்க்கின் அமைப்பில் ரூம் பவுண்டிங் என்ற ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடாவிட்டால், ஆர்க்கிடெக்ட் மாடலின் சுவர்களை நம் ஃபைலின் ஸ்பேஸ்கள் (ஏ.சி. கணக்குக்கான அறைப்பகுதிகள்) எல்லையாக எடுத்துக்கொள்ளாது. அறை திரையில் முழுசாகத் தெரியும்; பரப்பும் கன அளவும் தப்பாக வரும். அந்தக் கணக்கை நம்பி ஏ.சி.யின் கொள்ளளவை முடிவு செய்தால் விளைவை அந்த அறையில் உட்காரப் போகிறவர் அனுபவிப்பார்.

இதையெல்லாம் சொன்னால், "கிளாஷ் டெஸ்ட் ஓட்டுவோம், அதில் சிக்கிவிடும்" என்று பதில் வருகிறது. வழக்கமான கிளாஷ் டெஸ்ட் பொருளும் பொருளும் மோதுவதைக் கண்டுபிடிக்கும். இயந்திர லேஅவுட்டின் உயிரோ காலி இடத்தில் இருக்கிறது. நம் நாட்டு மின் பாதுகாப்பு விதிகளின்படி சுவிட்ச்போர்டுக்கு முன்னால் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். பின்புறம் இணைப்புகள் இருந்தால், அங்கே விடும் இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாகவோ 75 செ.மீ.க்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். ஆள் நுழையவே முடியாமல் இருக்கட்டும், அல்லது நின்று வேலை செய்ய இடம் இருக்கட்டும். சிக்கிக்கொள்ளும் இடுக்கு மட்டும் கூடாது. சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் 78 செ.மீ. விட்டு வரைந்திருக்கிறோம் என்று வையுங்கள். ஆர்க்கிடெக்ட் அந்தச் சுவரை உள்பக்கமாக 5 செ.மீ. தடிமனாக்குகிறார். இடைவெளி 73 ஆகிறது. எதுவும் எதிலும் மோதவில்லை, கிளாஷ் அறிக்கை சுத்தம், விதி மட்டும் மீறப்பட்டுவிட்டது. பராமரிப்பு இடத்தையும் ஒரு கனப்பெட்டியாக இயந்திரத்தின் ஃபேமிலிக்குள்ளேயே (அதன் மாடல் கோப்புக்குள்ளேயே) வரைந்து வைத்திருந்தால்தான் இந்த வழக்கமான டெஸ்ட் அதைப் பிடிக்கும். எத்தனை அலுவலகங்களில் அப்படி வரைகிறார்கள்?

டிஜிட்டல் மாடல் இருக்கிறது என்ற நம்பிக்கை பெரிய நிறுவனங்களையும் கவிழ்த்திருக்கிறது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் ஹாம்பர்க் பிரிவு கேட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பிலும், துலூஸ் பிரிவு 5ஆம் பதிப்பிலும் வேலை செய்தன. மாடல்கள் சரியாக ஒட்டவில்லை. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் கம்பி ஓட வேண்டிய இடத்தில், தயாரித்து வந்த கேபிள்கள் பொருத்தும்போது நீளம் போதாமல் போயின. 2006இல் தர வேண்டிய முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கைக்குப் போனது. அங்கே மாடலுக்கும் பஞ்சமில்லை, திறமைக்கும் பஞ்சமில்லை. ஒருவர் மாடல் மற்றவரிடம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒழுங்குக்குத்தான் பஞ்சம்.

அந்த ஒழுங்கு எழுத்தில் இல்லாமல் இல்லை. 2018இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை, ஒரு குழு செய்துகொண்டிருக்கும் வேலையையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளத் தயாரான வேலையையும் தனித்தனி நிலைகளாகப் பிரிக்கச் சொல்கிறது. பாதி வரைந்த மாடலை லிங்க் செய்துவிட்டு ஒத்துப்போகிறது என்று சொல்வது இந்த அடிப்படைக்கே விரோதம். பலர் இதைப் பின்பற்றாததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. லேஅவுட் வரைய மணி நேரம் ஒதுக்கும் மேலாளர், லிங்க் அமைக்கவும் ரிவிஷனை ஒப்பிடவும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. ஷீட் எண்ணிக்கைக்குத்தான் காசு; சரிபார்ப்புக்குக் கிடையாது.

ஆகவே ப்ராஜெக்ட் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆரிஜின் எது, ஃபைல் பெயர் எப்படி இருக்கும், புதிய மாடல் எந்த நாளில் வரும், மாற்றத்தை யார் எழுதித் தருவார் என்ற நான்கையும் முதல் இயந்திரத்தை வைப்பதற்கு முன்பே ஆர்க்கிடெக்டோடு பேசி எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ரீலோடுக்கும் பிறகு சரிபார்க்க ஒருவருக்கு நேரமும் பொறுப்பும் கொடுங்கள். அதுவரை "கோஆர்டினேஷன் முடிஞ்சது" என்று மீட்டிங்கில் யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள்.