டைரியில் நாம் எழுதி அனுப்பியவை

வருடக்கணக்காக வகுப்பறையில் நிற்கும் நாம்தான் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உள்ள பிள்ளைகளை அதிக நேரம் பார்த்தவர்கள். உலக அளவில் நூற்றில் 5 பிள்ளைகளுக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் 40 பேர் வகுப்பில் இரண்டு பேர். அவர்களுக்கு ‘வாலு’, ‘திமிர்’ என்று பெயர் வைத்தோம். ‘ஓரிடத்தில் உட்காருவதில்லை’, ‘கேள்வியை முடிப்பதற்குள் பதில் கத்துகிறான்’, ‘எழுதியதைப் பாதியில் விடுகிறான்’ என்று டைரியில் எழுதினோம். மருத்துவர் தேடும் அறிகுறிகளே அவை! நம் கையெழுத்தில் புகாராகப் போய் வீட்டில் அடியாக விழுந்தன.

12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அதற்காக ஆசிரியருக்கென்றே ஒரு கேள்வித்தாள் அனுப்புவார்கள். பேப்பர் திருத்தும் அவசரத்தில் அதில் மேலிருந்து கீழாக டிக் அடித்துக் கொடுத்தோம்.

இவற்றிலெல்லாம் பெரிய கொடுமை, விளையாட்டு பீரியடைப் பறித்தது. ஓடியாடினால்தான் அடங்கும் பிள்ளையை, கணக்கை முடிக்கவில்லை என்று பெஞ்சிலேயே உட்கார வைத்தோம். அடுத்த பீரியடில் இன்னும் துள்ளினான். முட்டி போட வைத்தோம். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வது சுமார் 3 ஆண்டு பிந்துகிறது, கவனத்தையும் நிதானத்தையும் ஆளும் முன்பகுதியில்தான் அது அதிகம் என்று தெரிந்தது. அவனிடம் இன்னும் வந்து சேராத பொறுமையைக் கேட்டுத்தான் பிரம்பை எடுத்திருக்கிறோம்.

பெண்பிள்ளைகள் நம் கண்ணில் படவே இல்லை. பலர் துள்ளுவதில்லை, எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தொந்தரவு தராததால் ‘நல்ல பிள்ளை, படிப்புதான் ஏறாது’ என்று ஒதுக்கினோம்.

தேசிய சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு 2013-க்குப் பிறகு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஏடிஹெச்டியும் உண்டு. பல்லையும் கண்ணையும் காட்டப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய நாம், இவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. “எங்க கொண்டுபோய்க் காட்டுறது சார்?” என்று கேட்ட அம்மாவிடம் “டியூஷன் போடுங்கம்மா” என்றோம். மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் 18 வயது வரை கட்டணமில்லாமல் பார்ப்பார்கள், 14416-ஐ அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசலாம் என்பதை அவருக்குச் சொல்லும் அளவுக்குக்கூட நாம் விசாரித்து வைத்திருக்கவில்லை.