எது இல்லை?

போன வாரம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் வந்தார். முகம் வாடிக் கிடந்தது. "அண்ணாச்சி, என் நிலம் கம்ப்யூட்டர்ல இல்லையாம்" என்றார். கையில் 1974-ஆம் வருஷக் கிரயப் பத்திரம். ஓர் அலுவலகத்தில் அதிலிருந்த சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்து, "இல்லை" என்று அனுப்பிவிட்டார்களாம்.

எது இல்லை? நிலமா, எண்ணா?

1979 முதல் 1987 வரை யுடிஆர் என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பல உட்பிரிவு எண்கள் அப்போது மாறின. 1985-இல் மாவட்டமே மாறியது. பத்திரத்தில் இராமநாதபுரம், இன்று விருதுநகர். பூட்டை மாற்றிவிட்டு, பழைய சாவி சேரவில்லை, ஆகவே வீடே இல்லை என்பது என்ன நியாயம்?

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் பேரனிடம் கேட்டேன். எக்ஸ்எம்எல் ஆவணங்களில் தேடுவதற்கு எக்ஸ்கொயரி என்றொரு மொழி உண்டாம். 2017-இல் வந்த அதன் 3.1 பதிப்பில், சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பு வரும். இல்லாத சாவியைக் கொடுத்தால் பிழை என்று சொல்லாது, வெறுமையைத் தரும். சாவி இருந்து அதற்கு எதிரே ஒன்றும் எழுதாவிட்டாலும் அதே வெறுமைதான். அதனால்தான் "இந்தச் சாவி இருக்கிறதா?" என்று தனியே கேட்க ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள்.

இது எனக்குப் புதிதல்ல. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, ஆஜர் எடுக்கையில் பதில் வராத பையனுக்கு வாத்தியார் 'அப்சான்' போடுவார். பட்டியலிலேயே பெயரில்லாதவனுக்கு ஒருநாளும் போடமாட்டார். பத்து வயதில் எங்களுக்குப் புரிந்த வித்தியாசம் இது.

"தப்பான எண் கொடுத்தது அவர் குற்றம்" என்பார்கள். பத்திரத்தில் இருந்த எண்ணைத்தானே கொடுத்தார்? எண்ணை மாற்றியது சர்க்கார். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று சொல்லவேண்டியதும் சர்க்கார்தான்.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் சர்வே எண் வரிசைக்கு அ-பதிவேடு, பட்டா எண் வரிசைக்குச் சிட்டா. ஒன்றில் அகப்படாததை மற்றதில் தேடுவோம். இரண்டையும் புரட்டாமல் "இல்லை" என்ற சொல் வாயில் வராது.

சிநேகிதர் வீட்டில் 1990-ஆம் வருஷத் தீர்வை ரசீது கிடைத்தது. அதிலிருந்த பட்டா எண்ணைப் போட்டோம். நிலம் வந்தது, அவர் பெயரிலேயே. உட்பிரிவு மட்டும் வேறு.

கவுண்டரில் இருக்கும் தம்பிமார்களே, "இந்த எண்ணில் அகப்படவில்லை, வேறு ரசீது இருக்கிறதா ஐயா?" என்று கேளுங்கள். மானாவாரிக் கரிசல்தான். ஆனாலும் அவருக்கு அதுதான் சொத்து.