மறைந்துபோன இலக்கங்கள்

வாணிப நிலையங்களிலே பேரேடும் மைக்கூடும் இருந்த இடத்திற் கணனி வந்து அமர்ந்து பல ஆண்டுகளாயின. சம்பளம், கையிருப்பு, வரவேண்டிய கடன் ஆகிய யாவும் மென்பொருளுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. உள்ளே கிடக்கும்வரை இடர் இல்லை. அவற்றை ஒரு கோப்பாக்கி வேறோரிடத்துக்கு அனுப்ப முற்படும்போதே தொல்லை தொடங்குகின்றது. கணனித் துறையினர் இச்செயலை 'ஏற்றுமதி' என்பர். கப்பலேற்றிய சரக்கில் மூட்டை குறைந்தாற் போல, ஏற்றுமதியான பட்டியலிலே சில கட்டங்கள் வெறுமையாய் நிற்கும். திரையிற் பார்த்தால் இலக்கம் இருக்கின்றது, கோப்பிலே இல்லை. அஃது எங்கே போயிற்று?

கந்தோர்களில் வேலைக்கமர்ந்த பழைய மாணவர்கள் இவ்வினாவை அடிக்கடி விடுக்கின்றனர். வெறுங் கட்டந்தானே என்று இதனைத் தள்ளிவிட முடியாது. ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்வோம். ஊழியரின் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் பங்காக நூற்றுக்கு 12 என மாதந்தோறும் பணமும் பட்டியலும் செல்கின்றன. அப்பட்டியலிலே ஒருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கம் விடுபட்டோ சிதைந்தோ போனால், பணம் போய்ச் சேர்ந்தாலும் அஃது அவருடையதே என்று நிறுவுவது கடினமாகின்றது. ஆடவர் 55 வயதிலும் பெண்டிர் 50 வயதிலும் அந்நிதியைக் கேட்டுச் செல்லலாம். அன்றுதான் குறை வெளிப்படுமாயின், கோப்பை அனுப்பிய இலிகிதரை எங்கே தேடுவது?

ஆகவே குறையை அன்றே கண்டுபிடிக்கும் முறையை அறிந்திருத்தல் நன்று. பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் பதியப்படும் ஒவ்வொரு கூறும் 'புலம்' எனப்படும். பட்டியலிலே ஒரு புலம் ஒரு நிரலாகவும், ஓர் ஆள் ஒரு நிரையாகவும் அமைவர். வெறுமையைக் கண்டதும் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அந்த நிரல் முழுவதும் வெறுமையா, அன்றிச் சிலருக்கு மாத்திரம் வெறுமையா? இதனைக் கேளாமல் மென்பொருள் விற்றவரைத் தொலைபேசியில் அழைப்பது வீண் வேலை. அவரும் இதையே முதலிற் கேட்பார்.

நிரல் முழுவதும் வெறுமையெனின், பிழை ஆட்களின் பதிவிலே இல்லை. கேட்ட முறையிலே இருக்கின்றது. ஏற்றுமதிக்கென வகுத்த மாதிரிப் படிவத்தில் அப்புலத்தைச் சேர்க்காது விட்டிருக்கலாம். அல்லது பெயர் மாறிய ஒரு பழைய புலத்தையே படிவம் இன்னமும் தேடிக்கொண்டிருக்கலாம். சில புலங்கள் உண்மையில் எங்கும் பதியப்படுவதே இல்லை. வாடிக்கையாளர் தரவேண்டிய மீதி போன்றவற்றைத் திரை திறக்கும் வேளையிற் கணனி கணக்கிட்டுக் காட்டுகின்றது, சேமித்து வைப்பதில்லை. சேமியாத ஒன்றை அனுப்புவது எங்ஙனம்? இன்னுமொன்று, அனுமதி. சம்பள விபரத்தைப் பார்க்கும் உரிமை முகாமையாளருக்கு இருந்து இலிகிதருக்கு இல்லையெனின், இலிகிதர் எடுக்கும் கோப்பில் அந்நிரல் வெறுமையாய் வருவதுண்டு. 'உமக்கு அனுமதி இல்லை' என்று வெளிப்படையாய்ச் சொல்லாது வெற்றுத் தாளை நீட்டும் இந்த மரியாதை பொல்லாத மரியாதை. இருவரும் தனித்தனியே அதே கோப்பை எடுத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சிலருக்கு மாத்திரம் வெறுமை அல்லது சிதைவு என்றால், விடுபட்டவர்களை ஒன்றாய் அடுக்கி, அவர்களுக்குப் பொதுவானது யாதெனப் பார்த்தல் வேண்டும். எமது நாட்டுக்கே உரிய ஓர் உதாரணம் கூறுவேன். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கமோ எழுத்தின்றி 12 இலக்கங்களால் ஆயது. எக்செல் விரிதாளிலே கோப்பைத் திறந்தவுடன், எழுத்தோடு கூடிய பழைய இலக்கத்தை அது சொல்லாகக் கருதி அப்படியே விட்டுவிடுகின்றது. புதியதை ஒரு பேரெண்ணாகக் கருதி 1.98E+11 என்பது போலச் சுருக்கிக் காட்டுகின்றது. பட்டியலின் தலைப்பிலே பணிமூப்புடையோரின் பெயர்கள் இருந்தால், முதல் நாலைந்து நிரைகளைப் பார்த்த இலிகிதர் எல்லாம் சரியென்று எண்ணி அனுப்பிவிடுவார். கீழே உள்ள இளம் ஊழியர்களின் இலக்கங்களே அழிந்து போகின்றன.

அழிவு எப்போது நிகழ்கின்றதென்பதைக் கவனிக்க. திறந்து பார்த்ததனாற் கோப்புக்குத் தீங்கில்லை. சீ.எஸ்.வி. என்னும் அந்த எளிய கோப்பை எக்செலிலேயே மீண்டும் சேமிக்கும்போது, கண்ணுக்குத் தெரிந்த சுருக்கமே எழுதப்பட்டு, ஈற்று இலக்கங்கள் நிரந்தரமாய்த் தொலைகின்றன. தொலைபேசி இலக்கத்தின் முன்னால் நிற்கும் பூச்சியமும் இவ்வாறே போகும். 077 என்பது 77 ஆகும். மனித மரபணு சிலவற்றுக்கு 'மார்ச் 1', 'செப்ற் 2' என்றவாறு குறியீட்டுப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் திகதிகளாக்கி ஆய்வாளரை அலைக்கழித்தமையால், பெயரிடும் குழுவினர் 2020 இல் அப்பெயர்களையே மாற்றினர்! தானாக மாற்றும் இப்பழக்கத்தை நிறுத்திவைக்கும் வசதி 2023 இலேதான் எக்செலுக்கு வந்தது.

ஆதலால், ஏற்றுமதியான கோப்பை முதலில் நோட்பாட் போன்ற சாதாரண எழுதுதாளிலே திறந்து பாருங்கள். அங்கே இலக்கம் முழுமையாய் இருந்தால் மென்பொருள் குற்றமற்றது, விரிதாளே குற்றவாளி. அப்போது கோப்பை இருமுறை சொடுக்கித் திறவாது, வெறும் விரிதாளுக்குள் அதனை உள்வாங்கி, அந்த நிரலை எண்ணாகவன்றி எழுத்தாகக் கொள்ளும்படி பணித்தல் வேண்டும். எழுதுதாளிலும் இலக்கம் இல்லையாயின் மென்பொருளுக்குத் திரும்பிச் செல்க.

முகவரியும் ஒரு பொறி. 'இல. 12, கோவில் வீதி, நல்லூர்' என்பதில் இரண்டு காற்புள்ளிகள் உள்ளன. சீ.எஸ்.வி. கோப்பிலே நிரல்களைப் பிரிப்பதும் காற்புள்ளியே. முகவரியை மேற்கோட்குறிகளுக்குள் அடைத்து எழுதாத மென்பொருளாயின், முகவரி மூன்றாய் உடைந்து, அடுத்துள்ள தொலைபேசி நிரலிலே 'கோவில் வீதி' குடியேறும். இலக்கம் இரண்டு நிரல் தள்ளி நிற்கும். அது தொலைந்ததன்று, இடம்பெயர்ந்தது. தமிழிற் பதிந்த பெயர்கள் வினாக்குறிகளாய் மாறுவது வேறொரு காரணத்தால். யுனிகோட் முறையில் ஏற்றுமதி செய்யுமாறு தெரிவு செய்தால் அது தீரும்.

கட்டம் வெறுமையாய் நின்றால் கண்ணுக்காவது தெரியும். நிரையே முழுதாய் விடுபட்டால்? 2020 இல் இங்கிலாந்திலே கோவிட் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்தபோது நேர்ந்தது இதுவே. ஆய்வுகூடங்கள் அனுப்பிய கோப்புக்களைப் பழைய எக்செல் வடிவிலே ஏற்றினர். அவ்வடிவம் 65,536 நிரைகளுக்கு மேற் கொள்ளாது. ஒருவருக்கே பல நிரைகள் தேவைப்பட்டன. மிகுந்தவை ஓசையின்றி உதிர்ந்தன. செப்ரெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர் நாளாந்தக் கணக்கிற் சேராது போயினர். அவர்களுக்குத் தத்தம் முடிவு கிடைத்தது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் வேலை நாட்கணக்கிற் பிந்தியது.

பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்று கிடைத்தில. நூலின் பெயரே பத்துப் பத்துக்கள் என்று தொகை கூறுவதால், இரண்டு குறைவதை எவரும் அறிவர். கோப்புக்கும் அப்படியொரு தொகை வேண்டும். மென்பொருளில் எத்தனை ஊழியர், அவர்தம் சம்பளக் கூட்டுத்தொகை எவ்வளவு என்பவற்றை முன்னரே தாளிற் குறித்துக்கொண்டு, கோப்பின் நிரைகளையும் கூட்டுத்தொகையையும் அதனோடு ஒப்பிடுக. ஐந்து நிமிட வேலை.

மற்றுமொரு முறை பரீட்சைப் பதிவு. பழகுவதற்கென்று வைத்திருக்கும் கணக்கிலே, உண்மையில் இல்லாத ஓர் ஊழியரைப் பதியுங்கள். பூச்சியத்தில் தொடங்கும் தொலைபேசி, காற்புள்ளி நிறைந்த முகவரி, 12 இலக்க அட்டை, தமிழ்ப் பெயர் ஆகிய எல்லாவற்றையும் அவருக்கே கொடுத்து ஏற்றுமதி செய்தால், எந்தப் புலம் எங்கே சறுக்குகின்றதென்று ஒரே நிரையிற் கண்டுகொள்ளலாம்.

பிழையைக் கண்டு திருத்தியவர் இம்மாதப் பட்டியலோடு நின்றுவிடுதல் ஆகாது. அந்த நிரல் எம்மாதம் முதற் சிதைந்து சென்றதெனப் பழைய கோப்புக்களைத் திறந்து பார்த்து, சென்ற மாதங்களுக்குரிய திருத்தங்களையும் எழுத்துமூலம் அனுப்பி, கிடைத்தமைக்குச் சான்று பெற்று, உரிய ஊழியருக்கும் ஒரு பிரதி கொடுத்தல் வேண்டும்.